நாலு வருஷ அக்னிவீர், மூணு வருஷ டிகிரி: ரெண்டும் ஒண்ணா நடக்குமா?

#1 புதுபூட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். 2023 ஜனவரியில் ட்ரெயினிங் தொடங்கின முதல் அக்னிவீர் பேட்ச் நான். ப்ளஸ் டூவில் கணக்கு குரூப். ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைச்சு, ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்துலதான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற ராலி. ஓடினேன், பாஸ் ஆயிட்டேன், கல்லூரியை விட்டுட்டேன்.

இப்போ ஒன்றரை வருஷம் ஆச்சு. தபால் வழியில ஒரு டிகிரி சேரலாம்னு பாக்குறேன். எங்க பாரக்ல ஒரு நாயக், "நாலு வருஷம் முடிஞ்சதும் நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான் வெச்சுக்குவாங்க, நீ புஸ்தகத்தைத் திறந்தா ஓட்டத்துலயும் ஃபயரிங்லயும் மார்க் போயிடும், அப்புறம் நீயே அந்த இருபத்தஞ்சுல இருக்க மாட்டே"ங்கிறார். இன்னொருத்தர், "மிச்ச எழுபத்தஞ்சுல நீ இருந்தா கையில என்னடா இருக்கும், வெறும் ப்ளஸ் டூதானே"ங்கிறார். ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. ஞாயித்துக்கிழமை துணி துவைச்சுப் போட்டுட்டு உக்காந்தா இந்த யோசனைதான் ஓடுது.

யாராவது சர்வீஸ்ல இருந்துகிட்டே படிச்சு முடிச்சவங்க இருக்கீங்களா?

#2 நெறியாளர்

புதுபூட்ஸ், உங்கள் பதிவில் யூனிட் பெயரும் ஊரும் இருந்த ஒரு வரியை நீக்கியிருக்கிறேன். தகவல் கசியக் கூடாது என்பதற்காக 2020இல் 89 செயலிகளை வீரர்கள் தங்கள் கைபேசியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ராணுவமே உத்தரவிட்டது. அந்த எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். மற்றவர்களும் கவனிக்கவும். படிப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். எங்கே இருக்கிறீர்கள், எப்போது இடம் மாறுகிறீர்கள் என்பது வேண்டாம்.

#3 வேலூர்_மாமா

தம்பி, எதுக்கு இவ்வளவு கவலை. எங்க கம்மவான்பேட்டைப் பக்கம் வந்து பாரு, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். பத்தாங்கிளாஸோட போனவங்கதான் முக்கால்வாசி. பதினஞ்சு வருஷம் முடிச்சா பட்டாளமே கிராஜுவேஷன் சர்டிபிகேட் குடுத்துடும். அதை வெச்சு எத்தனையோ பேர் வேலைக்குப் போயிட்டாங்க. நீ உடம்பைப் பாத்துக்க, ட்யூட்டியைப் பாரு. படிப்பு தானா வரும்.

#4 பழைய_ஹவில்தார்

மாமா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு நம்பிக்கையாலதான் நான் ஆறு வருஷத்தைத் தொலைச்சேன்.

அந்தச் சான்றிதழ் பட்டம் இல்லை. பத்தாவது முடிச்சு 15 வருஷம் சேவை செஞ்ச முன்னாள் படைவீரரை, மத்திய அரசோட குரூப் சி வேலைக்கு மட்டும், பட்டதாரிக்குச் சமமா எடுத்துக்கலாம்னு ஒரு ஏற்பாடு. அவ்வளவுதான். அதுலயும் தொழில்நுட்பப் படிப்பு கேக்குற வேலைன்னா கிடையாது. வங்கியில கிளார்க்குக்குச் செல்லும், ஆபீசருக்குச் செல்லாது.

நான் 17 வருஷம் முடிச்சு வெளிய வந்து, அதை லேமினேட் பண்ணி எடுத்துட்டு எம்.ஏ. சேரப் போனேன். பல்கலைக்கழகத்துல கவுன்டர்ல இருந்த பொண்ணு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சார், இதுல மார்க் எங்க இருக்கு?"ன்னு கேட்டுச்சு. எனக்கும் தெரியல. அப்புறம் 38 வயசுல பி.ஏ. முதல் வருஷம்.

தம்பிக்கு இது இன்னும் மோசம். அக்னிவீர் நாலு வருஷத்துல வெளிய வந்துடுவார், 15 வருஷக் கணக்கே அவருக்கு வராது. பென்ஷனும் இல்ல. பழைய பட்டாளத்துக்குச் சொல்ற புத்திமதியைப் புதுப் பட்டாளத்துக்குச் சொல்லக் கூடாது மாமா.

#5 வேலூர்_மாமா

சரிப்பா. நான் பாத்ததைச் சொன்னேன். எங்க காலத்துல அது ஒரு பெரிய விஷயம்.

#6 கடல்காகம்

நேவி. இன்னும் சர்வீஸ்லதான். பி.காம். மூணு வருஷத்துல முடிக்க வேண்டியது, அஞ்சரை வருஷம் ஆச்சு.

படிக்க நேரமில்லைன்னு சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன். கப்பல்ல நேரம் இருக்கு, வாட்ச் ட்யூட்டி முடிஞ்சு தூக்கம் வராத நேரம் நிறைய இருக்கு. படிச்சதை எழுதித் தீக்கிற நாள்தான் கிடைக்காது. டிசம்பர்ல பரீட்சை, நான் கடல்ல. அடுத்த ஜூன்ல பரீட்சை, அப்பவும் கடல்ல. அதுக்கு அடுத்த டிசம்பர்ல கரையில இருந்தேன், ஆனா எக்ஸாம் ஃபார்ம் போடுற கடைசித் தேதி அன்னைக்குக் கடல்ல இருந்தேன். சிரிக்காதீங்க.

அதனால முதல் பாடம்: ஃபார்ம் போடுற வேலையை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிருங்க. எனக்குத் தங்கச்சி. லாக் இன், பாஸ்வேர்ட், போட்டோ, கையெழுத்து ஸ்கேன், எல்லாம் அவகிட்ட. தேதி நீட்டிச்சாங்களான்னு அவதான் பாப்பா. நெட் இல்லாத இடத்துல இருக்குறவனுக்கு கரையில ஒரு ஆள் வேணும்.

#7 அவர்பாடம்_நான்படிச்சேன்

கடல்காகம் தம்பி சொன்ன அந்தக் கரையில இருக்குற ஆள் நான்தான், எங்க வீட்டுல.

வீட்டுக்காரர் ஹவில்தார். பி.ஏ. வரலாறு சேந்தாரு. புஸ்தகக் கட்டு தபால்ல வந்துச்சு, அவரு அப்போ ஃபீல்டுல. கட்டைப் பிரிச்சு வெச்சவ நான். அசைன்மென்ட் கேள்வியைப் போட்டோ புடிச்சு அனுப்புவேன். அங்க சிக்னல் கிடைச்சாத்தான் போய்ச் சேரும். எழுதி ரிஜிஸ்டர்ட் தபால்ல அனுப்புவாரு, நான் ஸ்டடி சென்டர்ல கொண்டுபோய்க் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குச் சீட்டு வாங்கி வெப்பேன். அந்தச் சீட்டைத் தொலைக்காதீங்க. ஒரு தடவை குடுத்த அசைன்மென்ட்டே வரலைன்னு போட்டுட்டாங்க, சீட்டு இருந்ததால தப்பிச்சோம்.

ஒரு முறை சண்டையும் வந்துச்சு. "நீயே எழுதிக் குடுத்துடேன், என் கையெழுத்து மாதிரிதானே இருக்கும்"னாரு. முடியாதுன்னுட்டேன். நாலு நாள் போன் பேசல. அப்புறம் அவரே எழுதி அனுப்பினாரு, ஒவ்வொரு பக்கமும் கோவத்துல அழுத்தி எழுதினது பேப்பருக்குப் பின்னாடி தெரிஞ்சுது.

இதுல நடந்த இன்னொண்ணு: கேள்வி சரியா அனுப்பணும்னா பாடத்தைப் படிக்க வேண்டியிருந்துச்சு. பாடத்தைப் படிச்சா, நாம ஏன் எழுதக் கூடாதுன்னு தோணிச்சு. மறு வருஷம் நானும் சேந்தேன். அதே புஸ்தகம். நான் மூணு வருஷத்துல முடிச்சேன், அவரு நாலு.

#8 புதுபூட்ஸ்

அக்கா, ரொம்ப நன்றி. எங்க வீட்டுல அப்பாவுக்கு ஆன்லைன் எல்லாம் வராது, தம்பி பத்தாவது படிக்கிறான், அவன்கிட்டதான் சொல்லணும்.

அக்னிவீருக்குன்னே இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தனியா ஒரு டிகிரி இருக்குன்னு சொல்றாங்களே, அதுக்கும் சாதாரண பி.ஏ.வுக்கும் என்ன வித்தியாசம்? எங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு. பரீட்சைக்கு அதுல இருந்துதான் எடுக்கணுமா?

#9 சாக்பீஸ்_சாப்

நான் ராணுவத்தின் கல்விப் பிரிவான ஆர்மி எஜுகேஷன் கோரில் ஜே.சி.ஓ.வாக (இளநிலை அதிகாரி) இருந்து ஓய்வு பெற்றவன். பச்மடியில் பயிற்சி, அப்புறம் நாலைந்து யூனிட்டுகளில் சாக்பீஸும் கையுமாகத்தான் வாழ்க்கை. கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்னிவீர்களுக்கான பட்டத்தைக் கல்வி அமைச்சகம் 2022 ஜூனில், அக்னிபத் திட்டத்தோடு சேர்த்தே அறிவித்தது. மூன்று வருடம். பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட்டில் (படிப்புப் புள்ளிகள்) பாதி, நீங்கள் படையில் பெறும் பயிற்சிக்காகவே கிடைக்கும். மீதிப் பாதிக்கு மொழி, பொருளாதாரம், வரலாறு, அரசியல், சமூகவியல், கணிதம், வணிகம், சுற்றுலா, விவசாயம் என்று ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப் படிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஜோதிடமும் இருக்கிறது. இருபத்தைந்து சதவீதத்தில் வருவோமா என்று பார்த்துக்கொள்ள உதவலாம்! சுற்றுச்சூழலும் ஆங்கிலத் தொடர்புத் திறனும் கட்டாயம். முதல் வருடத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டாவதோடு நின்றால் டிப்ளமா, மூன்றும் முடித்தால் பட்டம். வேலைக்கும் மேற்படிப்புக்கும் அங்கீகாரம் உண்டு என்று சொல்லித்தான் அறிவித்தார்கள்.

சுமை பாதி என்பதால் உடனே அதில் பாய்ந்துவிட வேண்டாம். தம்பி கணக்குப் படித்த பிள்ளை. நாளைக்கு பி.எட். முடித்து ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், பட்டத்தில் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்தீர்கள் என்பதைக் கேட்பார்கள். அப்போது பாடத்தைப் பிடித்துப் படித்த சாதாரண பட்டம்தான் கை கொடுக்கும். காவல்துறை, துணை ராணுவம், தனியார் பாதுகாப்பு, பட்டம் இருந்தால் போதும் என்கிற தேர்வுகள், இவைதான் குறி என்றால் அக்னிவீர் பட்டமே போதும். முதலில் இதை முடிவு செய்யுங்கள். விண்ணப்பத்தை அப்புறம் திறக்கலாம். இயற்பியல், வேதியியல் சேர்ந்த பி.எஸ்சி. வேண்டாம், ஆய்வக வகுப்புக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

இப்போது லீவுக்கு வருகிறேன். நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, தேர்வு மையத்தைச் சொந்த ஊரில் போடுவது. லீவில் போனமாதிரியும் இருக்கும், பரீட்சை எழுதினமாதிரியும் இருக்கும் என்று கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லீவு என்பது உங்கள் கையில் இல்லை. யூனிட்டில் ஒரு போர்ப் பயிற்சி வந்தால் லீவு போச்சு, லீவோடு பரீட்சையும் போச்சு. இக்னோவுக்கு நாடு முழுவதும் மையம் இருக்கிறது, ராணுவத்துக்கென்றே தனி மண்டல மையங்களும் உண்டு. யூனிட்டுக்குப் பக்கத்தில் மையம் போட்டால் ஒரு பேப்பருக்கு ஒரு நாள் அவுட்பாஸ் (வெளியே போய்வர அனுமதி). எந்த கம்பெனி கமாண்டரும் 15 நாள் லீவு தர யோசிப்பார், காலையில் போய் மாலையில் ரோல் காலுக்குத் திரும்புகிறவனுக்கு ஒரு நாள் தர யோசிக்க மாட்டார். ஒவ்வொரு முறை தேர்வு ஃபார்ம் போடும்போதும் மையத்தைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். இடம் மாறினாலும் கவலையில்லை.

இதனாலேயே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்பு உங்களுக்குத் தோதுப்படாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, இரண்டுமே நல்ல இடங்கள்தான், தமிழ்வழியிலும் எழுதலாம். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்குள்தான் தொலைநிலைக் கல்வி நடத்தலாம் என்பது யு.ஜி.சி. விதி. லடாக்கில் லே போனவன் சிதம்பரம் வந்து எழுதுவதா?

கடைசியாக: சேருவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாயால் "சரி, படி" என்ற கம்பெனி கமாண்டர் மாறிப் போய்விடுவார், காகிதம் மாறாது. தேறியதும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது உங்கள் சேவைப் பதிவில், ஏற்றச் சொல்லுங்கள். பட்டம் வாங்கி அதைப் பெட்டியிலேயே வைத்திருந்து, ரெக்கார்டில் ப்ளஸ் டூ என்றே வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும்.

#10 பழைய_ஹவில்தார்

சாப் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன், தம்பியோட பாரக்ல பத்தாவதோட வந்த பசங்களுக்கு. என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) மூலமா பன்னெண்டாவது முடிக்க வழி வெச்சிருக்காங்க. முதல்ல அதை முடிங்க. பத்து, பன்னெண்டு, அப்புறம் பட்டம், இந்த வரிசை தவறின டிகிரியைத் தமிழ்நாட்டுல அரசு வேலைக்கு ஏத்துக்க மாட்டாங்க. ப்ளஸ் டூ இல்லாம நேரா திறந்தநிலைப் பட்டம் வாங்கிட்டு டி.என்.பி.எஸ்.சி. வாசல்ல நின்னவங்க கதை ஊருக்கு ஊரு இருக்கு.

#11 கணக்குப்பிள்ளை77

நான் சிவில்தான், என் அக்கா மகன் அக்னிவீர். ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்? நாலு வருஷம் முடிஞ்சா சேவா நிதின்னு மொத்தமா வட்டியோட 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. வயசு 22. நேரா ஒரு நல்ல கல்லூரியில் ரெகுலரா சேர்ந்து, ஹாஸ்டல்ல தங்கி, ஒழுங்கா மூணு வருஷம் படிக்கலாம். அரைத் தூக்கத்துல எழுதின டிகிரியை விட அது எவ்வளவோ மேல்.

#12 அவர்பாடம்_நான்படிச்சேன்

அண்ணே, அந்தப் பதினோரு லட்சம் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே வீட்டுல அதுக்குக் கணக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. அக்கா கல்யாணம், அடகுல இருக்குற நகை, மாடி எடுக்குறது. பையன் "நான் காலேஜ் போறேன்"னு நிக்கிறப்ப, "நாலு வருஷம் சம்பாதிச்சவன் இப்பப் போய்ப் பையைத் தூக்கிட்டு..."ம்பாங்க. காசு இருக்கும், அனுமதி இருக்காது.

#13 கணக்குப்பிள்ளை77

இதை மறுக்க முடியலைங்க. எங்க அக்கா இப்பவே மனை பாத்துட்டு இருக்கா.

#14 புதுபூட்ஸ்

எங்க வீட்டுல மனை இல்ல, போர்வெல் போடணும்.

#15 மூன்றுநட்சத்திரம்

நான் சர்வீஸில் உள்ள அதிகாரி. இங்கே வாசகனாக மட்டும் இருந்தேன், இதற்கு எழுதத் தோன்றியது.

நாயக் சொன்னதில் பாதி உண்மை. தக்கவைப்பதற்கான தேர்வு நாலு வருடச் செயல்பாட்டைப் பார்த்துத்தான். ஆனால் ஓட்டத்தில் பின்தங்கும் பையன்களை நான் கவனித்த வரையில், அவர்கள் இரவு பத்துக்கு மேல் புத்தகத்தோடு இருந்தவர்கள் அல்ல, போனோடு இருந்தவர்கள். தினமும் ஒரு மணி நேரம் படிக்கிற பையனை அவன் செக்‌ஷன் கமாண்டரே கிண்டலும் பாதுகாப்புமாகப் பார்த்துக்கொள்வதைத்தான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு வழியை யாரும் சொல்லவில்லை. ஆர்மி கேடட் காலேஜ், டேராடூன். இரண்டு வருட சேவை முடித்த, ப்ளஸ் டூ தேறிய வீரர்கள் 20 முதல் 27 வயதுக்குள் எழுதலாம். எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. (அதிகாரித் தேர்வு நேர்காணல்), அப்புறம் மூன்று வருடம் முழுநேரப் படிப்பு. டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தின் பட்டம். பின்னர் ஐ.எம்.ஏ.வில் (இந்திய ராணுவ அகாடமி) ஒரு வருடம், முடிந்தால் தோளில் நட்சத்திரம். 1929இல் நௌகாங்கில் கிச்சனர் காலேஜாகத் தொடங்கியது, 1977இல்தான் டேராடூன் வந்தது. நாலு வருட ஒப்பந்தத்துக்குள் இது எப்படிப் பொருந்தும் என்பதை எஜுகேஷன் ஜே.சி.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நிரந்தரமாகத் தொடரும் நிலை வந்தால் இதை விடாதீர்கள்.

#16 பழைய_ஹவில்தார்

சார், மரியாதையோடயே கேக்குறேன். உங்களுக்குப் படிப்பு வேலையோட சேந்தே வருது. என்.டி.ஏ.வுல (தேசியப் பாதுகாப்பு அகாடமி) ஜே.என்.யு. பட்டம். வெலிங்டன்ல ஸ்டாஃப் காலேஜ் முடிச்சா சென்னைப் பல்கலைக்கழகத்தோட எம்.எஸ்சி. ஐ.ஐ.டி.யில எம்.டெக்.குக்கும் அனுப்புறாங்க. சம்பளத்தோட, குடும்பத்தோட, குவார்ட்டர்ஸோட. ஜவான் படிச்சா அது அவனோட சொந்த ஆசை, அவனோட சொந்த லீவு, அவனோட சொந்த டார்ச் லைட்டு. ஒரே பட்டாளத்துல படிப்புக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு.

#17 மூன்றுநட்சத்திரம்

சொல்வது சரி. அதிகாரிக்குப் படிப்பு வேலையின் ஒரு பகுதி என்று அமைப்பு நினைக்கிறது, ஜவானுக்கு அது சலுகை என்று நினைக்கிறது. பயிற்சிக்கு கிரெடிட் தரும் ஏற்பாட்டை நான் வரவேற்பதும் அதனால்தான். துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கவும், வரைபடத்தைப் படித்து இருட்டில் வழி கண்டுபிடிக்கவும் கற்ற ஒருவனை "படிக்காதவன்" என்றே எழுதி வைத்திருந்தோம். வகுப்பறைக்கு வெளியே கற்றதும் படிப்புதான் என்று ஒரு பல்கலைக்கழகம் காகிதத்தில் ஒப்புக்கொள்வது சின்ன விஷயமில்லை. டார்ச் லைட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

#18 தெம்பனிஸ்_தம்பி

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கு இந்த "எது முதலில்" கேள்வியே கிடையாது, வரிசையை அரசாங்கமே போட்டுவிடும். ஜேசி (ஜூனியர் காலேஜ்) அல்லது பாலிடெக்னிக் முடித்ததும் இரண்டு வருடம் தேசிய சேவை, பல்கலைக்கழக இடம் அதுவரை காத்திருக்கும். முன்பு இரண்டரை வருடமாக இருந்தது. கேட்க வசதியாக இருக்கும். ஆனால் திரும்பி வந்து முதல் வாரம் வகுப்பில் உட்கார்ந்தபோது இண்டெக்ரேஷன் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பள்ளியில் என்னோடு படித்த பெண்கள் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள், அவர்களிடமே நோட்ஸ் வாங்கினேன். பட்டம் வாங்கிய பிறகும் ரிசர்விஸ்ட் அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கும்.

புதுபூட்ஸ் கணக்கு படித்தவர் என்பதால் சொல்கிறேன்: எதில் சேர்ந்தாலும் வாரம் பத்து கணக்கு போடுங்கள். வரலாறு காத்திருக்கும், கணக்கு காத்திருக்காது.

#19 கடல்காகம்

மொழியைப் பத்தி யாரும் பேசல. தமிழ்வழியில படிச்சுட்டு வர்றோம். ட்ரெயினிங்ல ஹிந்தியில திட்டு வாங்கி ஹிந்தி வந்துடுது. ரெண்டு வருஷத்துல கனவே ஹிந்தியில வருது. ஆனா பரீட்சை இங்கிலீஷ்ல. பேசுற மொழி ஒண்ணு, யோசிக்கிற மொழி ஒண்ணு, எழுதுற மொழி ஒண்ணு. முதல் தடவை பேப்பர்ல "டிமாண்ட்"டுக்கு விளக்கம் எழுத உக்காந்து, தமிழ்ல தெரியுது, ஹிந்தியில சொல்ல வருது, கை ஓடல.

நான் செஞ்சது: ஒவ்வொரு பாடத்தையும் முதல்ல தமிழ்ல அஞ்சு வரி சுருக்கி எழுதிக்குவேன், அப்புறம் அந்த அஞ்சு வரியை இங்கிலீஷ்ல. புஸ்தகத்து இங்கிலீஷை மனப்பாடம் பண்ணல. மொட்டை இங்கிலீஷ்தான், ஆனா என்னோடது. பாஸ் மார்க்குக்கு அது போதுமா இருந்துச்சு.

#20 சாக்பீஸ்_சாப்

கடல்காகம் சொன்னதை வகுப்பிலேயே செய்ய வைத்திருக்கிறேன். பலன் இருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காவல் ட்யூட்டியில் இரண்டு மணி நேரம் நின்று நாலு மணி நேரம் ஓய்வு என்றால், அந்த ஓய்வில் படிக்காதீர்கள். தூங்குங்கள். காவலில் கண் சொருகியவனைப் பட்டம் காப்பாற்றாது. மதியச் சாப்பாட்டுக்கும் மாலை விளையாட்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டை இருக்குமே, எல்லாரும் குப்புறப் படுத்திருக்கும் நேரம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம். ட்யூட்டியில் உட்காரும் வாரத்தில் புத்தகத்தைத் தொடாமல் விட்டாலும் மனசு உறுத்த வேண்டாம். படிப்பை நாள் கணக்கில் போடாமல் மாதக் கணக்கில் போடுங்கள், இந்த மாதம் இரண்டு பாடத் தொகுதி என்று.

அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. சிலர் தேர்வை மட்டும் எழுதிவிட்டு அசைன்மென்டை மறந்துபோய், ரிசல்ட் நிற்கிறதே என்று என்னிடம் வருவார்கள். முப்பதை முதலில் முடித்துவிட்டால் எழுபது பயமுறுத்தாது. அசைன்மென்ட் எழுதினதே பாதிப் படிப்பு.

#21 புதுபூட்ஸ்

முடிவு பண்ணிட்டேன். சாதாரண பி.ஏ.தான், கணக்கை ஒரு பாடமா எடுக்குற மாதிரி. ஆசிரியர் ஆசை உள்ளுக்குள்ள இருக்கு, வெளிய சொன்னதில்ல. இந்த ஜூலை அட்மிஷன்ல போட்டா, மூணு வருஷம் முடியறதுக்குள்ள என் நாலு வருஷம் முடிஞ்சுடும், கடைசி ஆறேழு மாசம் வெளிய வந்துதான் எழுதணும்.

#22 சாக்பீஸ்_சாப்

அதனால் ஒன்றுமில்லை. முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. விலாசத்தை மட்டும் மாற்ற மறக்காதீர்கள், புத்தகம் பழைய யூனிட்டுக்குப் போய்க் கிடக்கும். அனுமதி மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

#23 வேலூர்_மாமா

தம்பி, நல்லா படி. நான் முதல்ல சொன்னதை மறந்துடு.

#24 புதுபூட்ஸ்

ஒரு வருஷம் கழிச்சு இந்த இழைக்கு வர்றேன், யாராவது இருக்கீங்களா தெரியல.

ஜூன் பரீட்சை எழுதினேன். அஞ்சு பேப்பர்ல மூணு. மையம் யூனிட்டுக்குப் பக்கத்துலதான் போட்டிருந்தேன், சாப் சொன்ன மாதிரி. மூணு நாள் அவுட்பாஸ் கிடைச்சுது, முதல் நாள் அந்த நாயக்கே பைக்ல கொண்டுபோய் விட்டார். (ஆமா, அதே நாயக். வழியில "என்னடா பேப்பர்?"னு கேட்டார், கணக்குன்னேன், வண்டியை நிறுத்திட்டு ஒரு தடவை திரும்பிப் பாத்தார்.) நாலாவது பேப்பர் அன்னைக்கு எல்லாருக்கும் திடீர்னு ட்யூட்டி. ரெண்டு பேப்பர் போச்சு.

ஓட்டத்துல குறையல. ஃபயரிங்ல ஒரு தடவை குறைஞ்சுது, அந்த வாரம் ஜுரம், படிப்பு மேல பழி போட முடியாது. தம்பி ஃபார்ம் போடுற வேலையை ஒழுங்காச் செய்றான், ஒவ்வொரு தடவையும் ரீசார்ஜ் கேக்குறான்.

போன ரெண்டு பேப்பரை டிசம்பர்லயே எழுதலாமா, இல்ல அடுத்த ஜூன் வரைக்கும் நிக்கணுமா?

#25 அவர்பாடம்_நான்படிச்சேன்

டிசம்பர்லயே எழுதலாம் தம்பி, ஆனா ஃபார்ம் திரும்பப் போடணும், அது தானா வராது. தம்பிகிட்டச் சொல்லு. அந்த ரெண்டுக்கும் அசைன்மென்ட் குடுத்த சீட்டு இருக்கான்னு இன்னைக்கே பாரு. ஹால் டிக்கெட்டை ரெண்டு பிரின்ட் எடுத்து ஒண்ணை பாக்கெட்ல வை, ஒண்ணைப் புஸ்தகத்துக்குள்ள வை. எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு பிரின்ட்டைச் சட்டையோட சேத்துத் துவைச்சுட்டாரு.